பெயரும் ஊரும் எழுதிய போர் நிருபர்: எர்னி பைல்



பத்திரிகையில் பெயர் வருவது என்றால் நம் லயங்களில் அது சாதாரண விஷயமா? ஆறாம் வகுப்புப் பரீட்சையில் பையன் தேறிவிட்டான், திடல்தடப் போட்டியில் பொண்ணு முதலாவதாக வந்துவிட்டாள் என்று இரண்டே இரண்டு வரி வந்தால் போதும். அந்தத் துண்டை வெட்டி, கண்ணாடி போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவோம். ஜெஞ்சாரோம் பக்கத்தில் நான் வளர்ந்த தோட்டத்தில் அப்படி மாட்டிய துண்டுகள், காகிதம் மஞ்சளாகி எழுத்து மங்கிய பிறகும் சுவரை விட்டு இறங்கவில்லை. தோட்டம் விற்கப்பட்டு சனங்கள் வெளியேறியபோது, சட்டி பானையோடு அந்தப் படங்களும் லாரியில் ஏறின.

செக்ரோலில் நம் பெயர் தினமும் இருந்ததுதான். ஆனால் அது கிராணி சம்பளக் கணக்குக்காக எழுதியது. பத்திரிகையில் வருகிற பெயர் வேறு. இன்னார் மகன், இன்ன தோட்டத்தைச் சேர்ந்தவன், இன்ன காரியம் செய்தான் என்று ஊர் அறியச் சொல்வது அது.

இந்தச் சின்ன உண்மையை நன்றாகப் புரிந்துகொண்டு, அதையே தன் தொழிலாக்கிக்கொண்ட ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். அவர் அமெரிக்கர். பெயர் எர்னி பைல். இரண்டாம் உலகப் போரில் தளபதிகளை விட்டுவிட்டு, சேற்றில் கிடந்த காலாட்படைச் சிப்பாய்களைப் பற்றி எழுதியவர். அந்தச் சிப்பாய்களோடு இருக்கும்போதே குண்டடிபட்டு இறந்தவர்.

குத்தகைக்காரர் மகன்

அமெரிக்காவில் இண்டியானா மாநிலம். அங்கே டேனா என்ற சிற்றூர். அதன் அருகில் ஒரு பண்ணையில் 3.8.1900 அன்று எர்னி பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. தகப்பனார் வில்லியம் பைல் அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுது பயிரிட்டவர். தாயார் மரியா, வயலிலும் வீட்டிலும் ஓயாமல் உழைத்த மனுஷி.

பையனுக்கு விவசாயம் பிடிக்கவில்லை. குதிரைக்குப் பின்னால் ஏர் பிடித்து நடப்பது என்றாலே கசப்பு. நம் பிள்ளைகளும் அப்படித்தானே? விடியற்காலையில் எழுந்து காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நடந்த தாய் தகப்பனைப் பார்த்து வளர்ந்தவன், எனக்கு இந்த வேலை வேண்டாம் என்றுதான் நினைப்பான். அது உழைப்பைக் கேவலமாக நினைப்பதாகாது. எர்னி கிராமத்தை விட்டு ஓடினாரே தவிர, கிராமத்து ஆட்களின் பேச்சும் பழக்கமும் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

முதல் உலகப் போரின் முடிவில் கடற்படையின் சேமப் பிரிவில் பெயர் கொடுத்தார். பயிற்சி முடிவதற்குள் போரே முடிந்துவிட்டது. 1919-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மாணவர் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார். படிப்பு முடிய ஒரே ஒரு பருவம் பாக்கி இருக்கும்போது, 1923 தொடக்கத்தில், லபோர்ட் என்ற ஊரின் சிறிய பத்திரிகையில் வேலை கிடைத்தது. படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டார். சில மாதங்களிலேயே தலைநகர் வாஷிங்டனில் டெய்லி நியூஸ் பத்திரிகைக்கு அழைப்பு வந்தது.

1925-இல் ஜெரால்டின் என்ற பெண்ணை மணந்தார். ஜெரி என்று கூப்பிடுவார்கள். அடுத்த ஆண்டு இருவரும் வேலையை உதறிவிட்டு, ஒரு ஃபோர்டு காரில் நாடு முழுக்க ஏறத்தாழ 9,000 மைல் சுற்றினார்கள். பிறகு திரும்பவும் பத்திரிகை வேலை. விமானிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதினார், நிர்வாக ஆசிரியராகவும் மூன்று வருஷம் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதைத் திருத்துவது அவருக்கு ஒத்துவரவில்லை.

1935-இல் முதலாளிகளிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். ஊர் ஊராகப் போவது, கண்ணில் பட்டவர்களோடு பேசுவது, வாரத்துக்கு ஆறு கட்டுரை எழுதி அனுப்புவது. அவ்வளவுதான் வேலை! ஏழு வருஷம் இப்படியே ஓடியது. சுரங்கத் தொழிலாளி, மீன் பிடிப்பவர், வறட்சியில் நிலத்தை இழந்த குடியானவர், சாலையோரக் கடைக்காரர் என்று எல்லாரைப் பற்றியும் எழுதினார். ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த கலாவுபாப்பா குடியிருப்புக்கும் போய், அங்கே இருந்தவர்களோடு பேசிப் பழகி எழுதினார்.

காரில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் மனைவி ஜெரி. ஆனால் பாருங்கள், வழியில் பார்த்த ஊர் பேர் தெரியாதவர்களின் பெயரையெல்லாம் எழுதிய எர்னி, தன் மனைவியைக் கட்டுரைகளில் கூட வருகிற பெண் என்றே குறிப்பிட்டு வந்தார். அந்த அம்மாளுக்கு மன நோய் இருந்தது. இருவருக்குமே குடிப்பழக்கமும் இருந்தது. 1942-இல் விவாகரத்து ஆகி, மறு வருஷம் அவர் ஆப்பிரிக்காவில் இருக்கும்போதே, மாப்பிள்ளைக்கு ஒரு பதிலாளை நிறுத்தி மறுபடியும் அதே பெண்ணை மணந்துகொண்டார். பெரிய மனிதர்களின் வாழ்க்கை எல்லாம் நேராக இருந்துவிடுகிறதா என்ன!

சேற்றில் கிடந்தவர்கள்

1940 டிசம்பரில் எர்னி லண்டனுக்குப் போனார். ஜெர்மன் விமானங்கள் இரவு இரவாகக் குண்டு போட்டுக்கொண்டிருந்த நேரம். அந்த மாதம் 29-ஆம் தேதி இரவு லண்டன் பற்றி எரிந்ததை மாடியில் நின்று பார்த்து அவர் எழுதியது அமெரிக்கா முழுவதும் படிக்கப்பட்டது. அங்கே இருக்கும்போதே, 1941 மார்ச்சில், ஊரில் தாயார் காலமான தந்தி வந்தது. பெற்ற தாய்க்குக் கொள்ளி போட முடியாத தூரத்தில் இருந்த நம் முன்னோர்களுக்கு அந்தத் துக்கம் என்னவென்று தெரியும். கப்பலேறி வந்த பிறகு ஊரிலிருந்து வருகிற கடுதாசியைப் பிரிக்கவே பயந்தவர்கள் அவர்கள்.

1942 நவம்பரில் அமெரிக்கப் படை வட ஆப்பிரிக்காவில் இறங்கியது. பின்னாலேயே எர்னியும் போனார். வயது 42. ஒல்லியான தேகம், எடை ஐம்பது கிலோ சொச்சம். அடிக்கடி காய்ச்சல், சளி. தலையில் ஒரு கம்பளிக் குல்லா. பார்த்தால் போர்க்களத்துக்கு வந்த ஆள் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

மற்ற நிருபர்கள் பலர் தலைமை முகாமில் இருந்தார்கள். அங்கே தினமும் அதிகாரிகள் வந்து, படை இத்தனை மைல் முன்னேறியது, இத்தனை டாங்கி அழிந்தது என்று கணக்குச் சொல்வார்கள். அதை எழுதினால் முதல் பக்கச் செய்தி. எர்னி அந்தப் பக்கம் அதிகமாகப் போகவில்லை. துனீசியாவின் குளிரிலும் மண்ணிலும் காலாட்படையோடு நடந்தார். அவர்கள் தோண்டிய மாதிரியே தனக்கும் ஒரு பதுங்குகுழி தோண்டிக்கொண்டார். டப்பாவில் வந்த அதே சாப்பாட்டைச் சாப்பிட்டார். முகாமுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து தட்டச்சு அடிப்பார்.

என்ன எழுதினார் தெரியுமா? கால் உறையை எப்படிக் காய வைக்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் எப்படி முகம் கழுவுகிறார்கள். வீட்டுக் கடிதம் வராத நாளில் ஒருவன் எப்படி இருக்கிறான். தூக்கம் இல்லாமல் நடந்து நடந்து, இருபத்திரண்டு வயதுப் பையனின் முகம் எப்படிக் கிழவனின் முகமாகிறது. பேசியவனின் பெயரைச் சுருக்காமல் எழுதுவார். அவன் ஊர், பல சமயம் தெருவும் வீட்டு எண்ணும்கூட வரும்.

அந்தத் தெருவில் அவன் தாய் இருக்கிறாள். காலையில் பத்திரிகையைப் பிரித்தால் மகன் பெயர்! போன வாரம்வரை உயிரோடு இருந்திருக்கிறான், ஒரு நிருபரோடு உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறான் என்று தெரிகிறது. அவளுக்கு அதைவிடப் பெரிய செய்தி எது? பக்கத்துத் தெருத் தாய்மார்களும் படித்தார்கள். இன்றைக்கு அவள் மகன், நாளைக்கு நம் மகனாக இருக்கலாம் என்று எதிர்பார்த்துப் படித்தார்கள். இப்படியே அவர் பத்தி வெளிவந்த நாளிதழ்கள் ஏறத்தாழ 400, வாரப் பத்திரிகைகள் 300 என்று பெருகின. 1944-இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

மலையிலிருந்து இறங்கிய கோவேறு கழுதைகள்

எர்னி எழுதியதிலேயே அதிகம் பேசப்படுவது இத்தாலியிலிருந்து எழுதிய ஒரு கட்டுரை. சான் பியெத்ரோ என்ற கிராமத்தருகே மலைமேல் சண்டை. வண்டி ஏற முடியாத பாதை. சாப்பாடும் தோட்டாவும் கோவேறு கழுதைகளின் முதுகில் மேலே போகும். இறந்தவர்களின் உடல்கள் அதே கழுதைகளின் முதுகில் கீழே வரும்.

1943 டிசம்பர் 14 அன்று கேப்டன் ஹென்றி வாஸ்கோ என்ற இளம் அதிகாரி இறந்தார். டெக்சாஸ் மாநிலம், பெல்டன் ஊர்க்காரர். சிப்பாய்கள் தகப்பன் மாதிரி மதித்த மனிதர். நிலவு வெளிச்சத்தில் அவர் உடல் கீழே வந்தபோது எர்னி அங்கே இருந்தார். உடலை இறக்கிச் சுவரோரம் கிடத்தினார்கள். சிப்பாய்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார், யாரைத் திட்டுகிறார் என்று அவருக்கே தெரியாது. ஒருவர் உயிரோடு இருப்பவரிடம் சொல்வது மாதிரி வருத்தம் தெரிவித்தார். இன்னொருவர் பக்கத்தில் குந்தி, செத்த கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பேசாமல் முகத்தையே பார்த்தார். பிறகு சட்டைக் கழுத்தைச் சரிசெய்துவிட்டு, எழுந்து இருட்டில் நடந்து போனார்.

கட்டுரையில் இவ்வளவுதான் இருக்கிறது. எதிரியைப் பற்றி ஒரு வசவு இல்லை, வெற்றி முழக்கம் இல்லை. 1944 ஜனவரியில் இது வெளியானபோது வாஷிங்டன் டெய்லி நியூஸ் மற்ற செய்திகளை ஒதுக்கிவிட்டு முதல் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்தது. எழுதி அனுப்பிய எர்னிக்கோ, இது தேறாத கட்டுரை என்றுதான் நினைப்பாம்.

அந்தச் சமயத்தில் நம் பக்கம் என்ன நடந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சான் பியெத்ரோ சண்டைக்கு இரண்டு மாதம் முன்பு, 1943 அக்டோபரில்தான், சயாம் ரயில் பாதையின் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. 415 கிலோமீட்டர். ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல், அதில் பெரும்பகுதி நம் தமிழ்ச் சனம். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு இன்றுவரை ஆளுக்கொரு விதமாக இருக்கிறது. அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதினார்கள். செத்தவன் பெயரை அவர்கள் அதிகாரிகள் குறித்து வைத்தார்கள். அதனால் காஞ்சனபுரியில் போர்க் கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் பேருக்குக் கல் இருக்கிறது, கல்லில் பெரும்பாலும் பெயர் இருக்கிறது. நம்மவர்களின் எலும்புகள் குவியலாகத்தான் கிடைத்தன.

போராடிய சிப்பாய்கள் கதையும் பெரிதாக வேறில்லை. 1941 கடைசியிலும் 1942 தொடக்கத்திலும் மலாயாவைக் காக்க நின்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்தியப் படை வீரர்கள். தைப்பிங் போர்க் கல்லறைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே இருக்கிற எண்ணூற்றுச் சொச்சம் கல்லறைகளில் பாதிக்கு மேல் யாருடையது என்று தெரியாதவை.

இத்தனைக்கும் நம் தமிழருக்கு இது தெரியாத வழக்கமா? செங்கம் பக்கமும் தர்மபுரி பக்கமும் இன்றும் நடுகற்கள் நிற்கின்றன. மாடு மீட்கப் போய்ச் செத்த சாதாரண வீரனுக்குக் கல் நட்டு, எந்த அரசன் காலம், எந்த ஊர், யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன என்று வெட்டி வைத்தார்கள். ஆயிரம் வருஷம் தாண்டியும் அந்தப் பெயரைப் படிக்க முடிகிறது.

பத்து டாலர் சம்பள உயர்வு

எர்னியின் எழுத்து கண்ணீரோடு நின்றுவிடவில்லை. நம் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சம்பளக் கதையும் இருக்கிறது.

அமெரிக்க விமானப் படையினருக்கு ஆகாயத்தில் பறப்பதற்கென்று அடிப்படைச் சம்பளத்தில் பாதி கூடுதலாகக் கிடைத்து வந்தது. காலாட்படைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 50 டாலர். முன்னணியில் பதுங்குகுழியில் கிடப்பவனுக்கும் அதே 50, ஊரில் மூட்டை எண்ணுபவனுக்கும் அதே 50. இது என்ன நியாயம் என்று எர்னி இத்தாலியிலிருந்து எழுதினார். பறப்பதற்குப் படி இருந்தால் சண்டை போடுவதற்கும் படி வேண்டும் என்பது அவர் வாதம். காசைவிட, தங்கள் பாட்டை நாடு தெரிந்துகொண்டது என்ற எண்ணம் அவர்களுக்கு வேண்டும் என்பதையும் சொன்னார்.

அது நாடாளுமன்றத்துக்குப் போனது. 1944-இல் போர்முனைக் காலாட்படையினருக்கு மாதம் 10 டாலர் கூடுதல் தரச் சட்டம் வந்தது. சனங்கள் அதை எர்னி பைல் சட்டம் என்றே அழைத்தார்கள். அவர் கேட்டது பாதிச் சம்பளம், கிடைத்தது ஐந்தில் ஒரு பங்கு. பத்து டாலரெல்லாம் ஒரு காசா என்று வசதியானவர்கள் கேட்கலாம். மழை நாளில் வெட்டு இல்லாமல் அரைச் சம்பளம் வாங்கிய வீட்டில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. எர்னி இராணுவத் தணிக்கைக்குக் கட்டுப்பட்டு எழுதியவர். பயத்தில் ஓடியவர்கள், நம்மவர்களே செய்த கொடுமைகள் என்று அவர் பார்த்தும் எழுதாமல் விட்டவை உண்டு. அதே படையில் பின்வரிசையில் மூட்டை சுமந்து லாரி ஓட்டிய கறுப்பினச் சிப்பாய்கள் அவர் கட்டுரைகளில் அபூர்வமாகத்தான் வருகிறார்கள். ஜப்பானியரைப் பற்றிக் கடைசி மாதங்களில் எழுதியபோது, அந்தக் காலத்து அமெரிக்கர் பலருக்கு இருந்த இளக்காரம் அவரிடமும் இருந்தது. எல்லாச் சாதாரண ஆட்களையும் அவர் பார்த்தார் என்று சொன்னால் அது பொய். தன் பக்கத்தில் இருந்தவர்களில் பலரை முழுசாகப் பார்த்தார். அந்த அளவுகூடச் செய்தவர்கள் அப்போது குறைவு.

பிரெஞ்சுக் கடற்கரையும் பசிபிக் கடலும்

1944 ஜூன் 6 அன்று நேசப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கின. மறுநாள் எர்னி அங்கே இறங்கிக் கரையோரமாக நடந்தார். செத்தவர்களின் சாமான்கள் மைல் கணக்கில் சிதறிக் கிடந்தன. பல் துலக்கும் பிரஷ், கால் உறை, வீட்டுப் படங்கள், எழுதத் தொடங்கிய கடிதங்கள். யாரோ ஒருவன் டென்னிஸ் மட்டையைக்கூடக் கொண்டு வந்திருக்கிறான், பாவம். ஒரு சிப்பாயின் பெயர் எழுதிய சின்ன பைபிளை எர்னி எடுத்தார். அரை மைல் தூரம் கையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டு மறுபடியும் மணலிலேயே வைத்துவிட்டார். ஏன் எடுத்தோம், ஏன் வைத்தோம் என்று தனக்கே தெரியவில்லை என்று பிற்பாடு எழுதினார்.

ஜூலை 25 அன்று சான் லோ என்ற ஊருக்கருகில் சொந்த விமானங்களே தவறாகத் தங்கள் படைமீது குண்டு போட்டன. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், ஒரு பெரிய தளபதியும் அதில் போய்விட்டார். எர்னி ஒரு கட்டை வண்டிக்கு அடியில் புகுந்து தப்பினார். அதற்குப் பிறகு உடம்பும் மனசும் தாங்கவில்லை. பாரிஸ் விடுபட்டதைப் பார்த்துவிட்டு, தான் களைத்துப்போனதை வாசகர்களிடம் ஒளிக்காமல் சொல்லி, செப்டம்பரில் ஊருக்குத் திரும்பினார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஜெரிக்கு நோய் முற்றியிருந்தது. ஐரோப்பாவில் இருந்தவர்களைப் பற்றி எழுதியாயிற்று, பசிபிக் கடலில் இருப்பவனின் தாய்க்கு நீ என்ன சொல்கிறாய் என்று யாரோ கேட்டுக்கொண்டே இருப்பது மாதிரி அவருக்கு இருந்திருக்க வேண்டும். போக விருப்பம் இல்லாமலே 1945 ஜனவரியில் கிளம்பினார்.

கபட் என்ற போர்க்கப்பலில் சில வாரம் இருந்தார். அங்கே ஒரு தகராறு. கப்பல் சிப்பாய்களின் பெயரை எழுதக் கூடாது என்பது கடற்படைத் தணிக்கையின் விதி. பெயர் இல்லாமல் எழுதுவதென்றால் எனக்கு இங்கே வேலையே இல்லை என்று எர்னி மூட்டையைக் கட்டத் தயாரானார். கடற்படை இறங்கி வந்து அவருக்கு மட்டும் விதியைத் தளர்த்தியது. கப்பல் வாழ்க்கை காலாட்படை வாழ்க்கையைவிடச் சுகம் என்று அவர் எழுதியதால் மாலுமிகளுக்குக் கோபமும் வந்தது. அது வேறு கதை.

ஏப்ரல் 1 அன்று ஓக்கினாவாத் தீவில் படையோடு இறங்கினார். பிறகு பக்கத்தில் இருந்த ஈ ஷிமா என்ற சின்னத் தீவுக்குப் போனார். 18.4.1945 காலை. லெப்டினன்ட் கர்னல் கூலிட்ஜ் என்ற அதிகாரியோடும் இன்னும் சிலரோடும் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார். ஒளிந்திருந்த ஒரு ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கி சுட்டது. எல்லாரும் குதித்துச் சாலையோரப் பள்ளத்தில் விழுந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்க்க எர்னி தலையைத் தூக்கினார். இரும்புத் தொப்பிக்குக் கீழே, இடது நெற்றிப் பொட்டில் தோட்டா பாய்ந்தது. வயது 44.

அவர் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. ஐரோப்பாவில் போர் முடியும் நாளுக்காக முன்கூட்டியே எழுதி வைத்த கட்டுரையின் குறிப்பு. வெற்றி விழாவைப் பற்றி அதில் அதிகம் இல்லை. மலையோரத்திலும் வேலி ஓரத்திலும் குவிந்து கிடந்த செத்தவர்களைப் பற்றி இருந்தது. எண்ணிக்கை கூடக் கூட அவர்கள் அலுத்துப்போன காட்சியாகிவிட்டதைப் பற்றி இருந்தது. வீட்டில் இருப்பவருக்கு அவர்கள் ஒரு கணக்கு, பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு அப்படியில்லை என்ற பொருளில் அது முடிந்திருந்தது.

ஈ ஷிமாவில் சிப்பாய்களே பெட்டி செய்து, இரும்புத் தொப்பியோடு அவரை அடக்கம் செய்தார்கள். ஒரு பக்கம் ஒரு காலாட்படைச் சிப்பாய், இன்னொரு பக்கம் ஒரு பொறியியல் பிரிவு வீரர், நடுவில் எர்னி. ஆறு நாளைக்கு முன்புதான் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இறந்து நாடே துக்கத்தில் இருந்தது. அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் புதிய அதிபர் ட்ரூமன் எர்னிக்கு அஞ்சலி அறிக்கை விட்டார். ஜெரி அதே ஆண்டு நவம்பரில் காலமானார். 1949-இல் எர்னியின் உடலை ஹவாயில் உள்ள தேசியக் கல்லறைக்கு மாற்றினார்கள். அங்கேயும் சாதாரணச் சிப்பாய்களின் வரிசையில்தான் அவர் கல்லும் இருக்கிறது. ஒரு வேடிக்கை என்னவென்றால், போர் முடிந்து தோக்கியோவில் அமெரிக்கப் படை இருந்த காலத்தில், அங்கே இருந்த பெரிய தக்கராசுக்கா நாடக அரங்குக்கு எர்னி பைல் அரங்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரைச் சுட்ட நாட்டின் தலைநகரிலேயே பத்து வருஷம் அந்தப் பெயர்ப் பலகை தொங்கியது.

அதற்குப் பிறகு வந்த போர்களில், சிப்பாயின் பெயரையும் ஊரையும் விசாரித்து எழுதிய நிருபர்கள் இருந்தார்கள். கொரியாவிலும் வியட்நாமிலும் அப்படி எழுதியவர்கள் உண்டு. மனிதர்களைப் பற்றி நன்றாக எழுதும் பத்திரிகைக்காரர்களுக்கு அவர் பெயரால் அமெரிக்காவில் பரிசும் ஏற்படுத்தினார்கள்.

நம் பக்கத்திலும் அந்தச் சாயல் கொண்ட ஒருவர் இருந்தார். பாலக்காட்டுப் பக்கம் பர்லியில் பிறந்த கர்னல் எம்.கே. உண்ணி நாயர். பத்திரிகைக்காரராக இருந்து இந்திய இராணுவத்தின் செய்திப் பிரிவில் சேர்ந்தவர். இரண்டாம் போரில் இந்திய ஜவான்களோடு போர்முனைக்குப் போய் எழுதியவர். 12.8.1950 அன்று கொரியாவில் அவர் சென்ற ஜீப்பு கண்ணிவெடியில் சிக்கியது. ஐக்கிய நாட்டுக் குழுவின் இந்தியப் பிரதிநிதியாக அங்கே போயிருந்தார். கூடவே இறந்த இரண்டு ஆங்கில நிருபர்களில் ஒருவர் இயன் மோரிசன். ஜப்பானியர் மலாயாவைப் பிடித்த சண்டையை நேரில் பார்த்துப் புத்தகம் எழுதியவர் அவர். தேகு நகரத்தில் உண்ணி நாயருக்கு நினைவுக் கல் இருக்கிறது.

சயாமுக்குப் போன நம் சனங்களோடு ஒரு நிருபரும் போகவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை, ஏனென்றால் கிடைத்த சந்தர்ப்பத்தை நானே விட்டவன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், எங்கள் பாட்டி சாயந்திர வேளையில் லயத்து வாசலில் உட்கார்ந்து, எங்கள் வரிசையிலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களை வீடு வீடாகச் சொல்லுவார். முதல் கதவு இன்னார், மூணாவது கதவு அண்ணன் தம்பி ரெண்டு பேர், தண்ணிக்குழாய் பக்கத்து வீடு இன்னார் என்று விரல் மடக்கிச் சொல்லுவார். பதினொரு பெயர். பாட்டிக்கு எழுதத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அப்போது விளையாட்டுப் புத்தி, கிழவி புலம்புகிறது என்று எழுந்து ஓடிவிடுவேன்.

பாட்டி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்த லயத்தை இடித்துச் செம்பனை நட்டு, இப்போது அந்தச் செம்பனையும் இல்லை. எர்னியின் கதையை முதல்முறை படித்த அன்று இரவு பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நான்கு பெயர்தான் நினைவுக்கு வந்தது. அந்த நான்கையும், கதவு எண் தெரிந்த இரண்டு பேருக்குக் கதவு எண்ணையும் எழுதி வைத்திருக்கிறேன்.